கம்பம் ஏறியவர்கள்

டோல்னிட்சா நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்களின் முறை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். அதற்குள் உறுப்பினர்களில் பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவார்கள். மீதிப் பேர் போனுக்குள் முகத்தைப் புதைத்திருப்பார்கள். வேலிகா அத்தை அதையெல்லாம் பொருட்படுத்தியதே இல்லை. மாதக் கடைசி வியாழக்கிழமை வந்தால் மதியமே பீன்ஸ் சூப் வைத்துத் தன் கணவர் நைடென் மாமாவுக்குக் கொடுத்துவிட்டு, கல்யாண வீட்டுக்கு மட்டும் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். தன் முறை வந்ததும் மைக்கை நகத்தால் தட்டிப் பார்ப்பாள்.

"நான் ஸ்டேஷன் பேட்டை வேலிகா. போன மாசமும் வந்தேன். பாய்லர் விஷயமா."

மன்றத் தலைவர் மின்செவ் தொழிலால் பல் டாக்டர். ஊரில் முக்கால்வாசி வாய்களுக்குள் அவர் கை போய் வந்திருக்கிறது. யார் எப்போது வாயைத் திறப்பார்கள், எப்போது மூடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"வேலிகா அக்கா, அந்த மேல்வரிசைப் பல்லு நான் கட்டினது. அதாலயே என்னைக் கடிக்கறீங்களே, இது நியாயமா?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு டாக்டர். அதுமேல படியற கரியப் பத்தித்தான் கேக்கறேன்."

போனிலிருந்து சில முகங்கள் நிமிர்ந்து சிரிக்கும். சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்ளும். கூட்டம் முடிந்துவிடும்.

நான் அந்தக் கூட்டங்களுக்கு அவளோடு போய் வந்தவன். டோல்னிட்சா உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். அத்தை வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். மலைமேல் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். என் பட்டமளிப்புப் போட்டோவை அம்மா சமையலறையில் ஒன்று, ஆட்டுக் கொட்டகையில் ஒன்று என்று மாட்டி வைத்திருக்கிறாள். அதை ஒருநாள் வாய்தவறிச் சொன்னதிலிருந்து நைடென் மாமா என்னை 'ப்ரொபசர்' என்றுதான் கூப்பிட்டார். அத்தைக்கு முதல் மனுவை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். சட்டப் பிரிவுகளெல்லாம் போட்டு எழுதினேன். மின்செவ் அதைப் படித்துவிட்டு, "ரொம்ப அழகான மொழி" என்று பாராட்டி, கோப்பில் வைத்து மூடினார்.

வேலிகா அத்தை புகையிலைக் கிராமத்துக்காரி. நான்கு பெண்களில் கடைசி. பத்தொன்பது வயதில், புகையிலைப் பிசின் ஒட்டிய விரல்களோடு கம்பளி மில்லுக்கு வேலைக்கு வந்தாள். பெண்கள் விடுதியில் குளிக்க வெந்நீர் வராது. அதைக் கேட்க பாய்லர் அறைக்குப் போனவள், அங்கே நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நைடெனோடு சண்டை போட்டாள்.

"வெந்நீர் கேட்டு வந்தா. அப்புறம் போகவே இல்ல" என்பார் மாமா.

"வெந்நீர் வந்துச்சா? அதச் சொல்லு" என்பாள் அத்தை.

வரவில்லையாம். விடுதியின் குழாய் துருப்பிடித்து அடைத்திருந்ததாம். அதற்கும் அவள்தான் போய் மனுக் கொடுத்திருக்கிறாள். கேட்பது அவளுடைய சுபாவம். மில் மூடப்பட்ட வருடம், எல்லாப் பெண்களும் அழுதுகொண்டே வெளியே வந்தபோது, இவள் மட்டும் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், "எங்க கத்திரிக்கோலையாவது எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டு எல்லாருக்கும் வாங்கிவந்தாள். அந்தக் கத்திரிக்கோல்கள் ஸ்டேஷன் பேட்டை வீடுகளில் இன்றும் இருக்கின்றன. ஒரே மகன் ஸ்பெயினில் லாரி ஓட்டுகிறான். வேலிகா அத்தை அவனிடம் எதையும் கேட்டதில்லை. அவள் கேட்பதெல்லாம் வெளியாட்களிடம்தான்.

மில்லின் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போன பிறகும் பாய்லர் மட்டும் மிஞ்சியது. பல வருடம் குளிர்ந்து கிடந்தது. பிறகு யாரோ ஒரு கம்பெனிக்காரர் வாங்கினார். மரப்பலகை காயவைக்கும் கூடம் என்று பெயர்ப் பலகை மாட்டினார்கள். ஆனால் தார்ப்பாய் போர்த்திய லாரிகள் வந்தன. பிளாஸ்டிக் சுற்றிய, குப்பை வாடையடிக்கும் பெரிய பொதிகளை இறக்கின. முதல் நாள் புகைபோக்கியில் புகை வந்தபோது மாமா வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்.

"என் பாய்லர் எழுந்துட்டா" என்றார், பழைய காதலியைப் பார்த்தவர்போல. பிறகு மூக்கைச் சுருக்கினார். "ஆனா இவளுக்கு என்னத்தைத் தின்னக் குடுக்கறானுங்க?"

கயிற்றில் காயப்போட்ட படுக்கை விரிப்பில் கறுப்புப் புள்ளிகள் விழத் தொடங்கின. திராட்சைப் பந்தலின் இலைமேல் எண்ணெய்போல ஒரு படலம். ஏற்கெனவே நெஞ்சுச் சளி இருந்த மாமா இரண்டாவது குளிர்காலத்தில் படுத்துவிட்டார். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமும் ஆக்சிஜன் மெஷின். அத்தை ஜன்னல் இடுக்குகளை அகலமான பழுப்பு டேப்பால் ஒட்டினாள். புகை அப்படியும் வந்தது. மேலே இன்னொரு டேப் ஒட்டினாள்.

"ஒரே ஒரு தடவ அந்த ஜன்னலத் திறந்து வையேன் வேலிகா" என்பார் மாமா.

"பாய்லர் நிக்கட்டும். திறக்கறேன்."

"அதுக்குள்ள நான் கம்பம் ஏறிடுவேன்டி."

கம்பம் ஏறுவது என்றால் எங்கள் ஊரில் சாவதுதான். ஒருவர் இறந்தால் அவர் முகத்தோடு தாள் அச்சடித்து வீட்டு வாசலில், மின்கம்பத்தில், பஸ் நிறுத்தத்தில், தெருமுனை மரத்தில் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. ஒட்டிய தாளை யாரும் உரிப்பதில்லை. காற்றும் மழையும்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் போனவர் முழுசாகப் போனார் என்று அர்த்தம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஸ்டேஷன் பேட்டைக் கம்பங்கள் ஆள் மார்பு உயரம்வரை தடித்துக் கிடந்தன.

அந்த ஜன்னல் திறக்க வேண்டும் என்பதுதான் அத்தையின் கோரிக்கை முழுவதும். மைக்கில் அவள் வேறு வார்த்தைகளில் சொல்லுவாள். நான் எழுதிக் கொடுத்த 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்துவாள். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒருமுறை காற்றை அளக்கும் வண்டி வந்தது. ஜூலையில் வந்தது. பாய்லரைப் பழுது பார்க்க நிறுத்தியிருந்த வாரம். எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனது.

செப்டம்பர் கூட்டத்தில் மின்செவ் அந்த அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க. நைடென் அண்ணன் காலம் பூரா நிலக்கரி தூசியத் தின்னவரு. அந்த நெஞ்சுக்கு இன்னிக்கு இருக்கற கம்பெனி எப்படிப் பொறுப்பு?"

"அவரு மட்டுமா? நிலக்கரியத் தொட்டே பாக்காதவங்க எங்க தெருவுல போயிட்டிருக்காங்களே."

"யாரு? எங்க? வாய்ப்பேச்சா சொன்னா எப்படி? ஆதாரம் வேணும்."

"ஆதாரம் தெரு பூரா ஒட்டியிருக்கு டாக்டர். நடந்து வந்தா தெரியும்."

"நான் கார்ல வரேன் அக்கா." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "சரி, மேசைக்குக் கொண்டாங்க. பாத்துடுவோம்."

அவர் அதைப் பேச்சுக்குச் சொன்னார். அத்தை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பள்ளி விட்டு வந்தேன். மாடிக்குப் போகும் வழி அவர்கள் அறைக்குள்தான். கதவைத் திறந்ததும் ஈரக் காகித வாசனை. அடுப்புக்கு மேலே காலுறை காயப்போடும் கயிற்றில், கிளிப் மாட்டி, வரிசையாக முகங்கள் தொங்கின. மேசையின் கீழே வாளியும், மாவு சுரண்டும் தகடும்.

"ப்ரொபசர், பாத்து வா" என்றார் மாமா கட்டிலிலிருந்து. "தலைக்கு மேல அசென் தொங்கறான். உசுரோட இருந்தப்ப வேலித் தகராறுல நம்ம வீட்டு வாசப்படி மிதிக்காதவன். இப்ப பாரு, அடுப்புக்கு மேல சுகமா குளிர் காயறான்."

அசென் பக்கத்து வீட்டு டோச்காவின் கணவர். தபால்காரராக இருந்தவர். நெஞ்சுப் புற்றில் போனார்.

"அத்தை, இதையெல்லாம் நீங்களா உரிச்சீங்க?"

"பின்ன, அவங்களா இறங்கி வந்தாங்க? வெந்நீர் ஊத்தினா நல்லா வருது. அடித் தாளு வரைக்கும் வருது."

மாமா எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "ஒட்டினத உரிக்கலாமாடி? நம்ம கையால?"

"மேசைக்குக் கொண்டா-ன்னாங்க. காட்டிட்டுத் திருப்பி ஒட்டிடறேன்."

"அவங்க வீட்டுல கேட்டியா?"

"கேட்டா குடுப்பாங்களா?"

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ?" அத்தை கையிலிருந்த கிளிப்பைக் கீழே வைத்தாள். "நீ இந்தக் கயித்துல தொங்கணுமா? அதச் சொல்லு. சொல்லிட்டா எல்லாத்தையும் இப்பவே கொண்டுபோய் ஒட்டிடறேன்."

மாமா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் முகங்களுக்கு அடியில் குனிந்து மாடிக்குப் போனேன்.

அந்த வாரம் தெருவெங்கும் குளிர்காலத்துக்காகக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கரி வாடையை மிளகாய் வாடை கொஞ்சம் அமுக்கியிருந்தது. அத்தை ஒவ்வொரு முற்றமாகப் போய், தோல் உரிக்க ஒரு கை கொடுத்து, கூட்டத்துக்கு ஆள் சேர்த்தாள்.

"என் மருமவன் அந்த கேட்டுலதான் வாட்ச்மேன்" என்றாள் டோச்கா. "நான் வாயத் தொறக்க மாட்டேன் வேலிகா. சொல்லிட்டேன்."

"யாருடி உன்னப் பேசச் சொன்னா? பின்வரிசையில உக்காந்தாப் போதும். தலைங்கள எண்ணித்தான் அவனுங்களுக்குப் பயம்."

"கம்பத்துல அசென் தாளக் காணோம்டி. மொட்டையா நிக்குது. நேத்துலருந்து தேடறேன்."

அத்தை மிளகாய்த் தோலை உரித்துக்கொண்டே, "காத்தா இருக்கும்" என்றாள்.

வியாழக்கிழமை ஸ்டேஷன் பேட்டை மன்றக் கூடத்துக்கு வந்தது. அப்படி அது வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, தேவாலயத்துக்குக் கட்டும் தலைத்துணி, பாலிஷ் போட்ட ஷூ. பொதுமக்கள் வரிசை நிரம்பி, சுவரோரம் நின்றார்கள். உறுப்பினர்கள் யாரும் முன்கூட்டி எழுந்து போகவில்லை. மின்செவ்கூட டையைச் சரிசெய்துகொண்டார். அந்த அரைமணி நேரம் காரியம் நடந்துவிடும் என்றே நான் நம்பினேன்.

அத்தை மைக்கைத் தட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேரே முன்மேசைக்குப் போனாள். "கேட்டீங்க. கொண்டாந்துட்டேன்" என்று ஒவ்வொரு தாளாக எடுத்து அடுக்கினாள். விளிம்பு கிழிந்த, கறை படிந்த, சுருங்கிய முகங்கள். ஓர் உறுப்பினர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

மின்செவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிதானமாக மூன்று தாள்களை எடுத்து வரிசையாகப் பிடித்தார்.

"அசென், நாற்பதாம் நாள். அசென், ஆறாம் மாசம். அசென், முதலாம் வருஷம்." நிமிர்ந்தார். "அக்கா, இந்த மனுஷன் எத்தனை தடவ செத்தாரு?"

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு இன்னும் சிலர். தொப்பியைக் கழற்றியவர் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பாட்டிக்கு வயசு தொண்ணூறுக்கு மேல. இவரு எனக்குத் தெரிஞ்சவரு, டிராக்டர் கவுந்து போனாரு. டிராக்டரையும் பாய்லர் தள்ளிவிட்டுச்சா?"

"மத்தவங்களப் பாருங்க டாக்டர். அடியில இருக்கறவங்களப் பாருங்க..." அத்தையின் குரல் முதன்முறையாக உடைந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக உரித்தவள், பிரித்துப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாள் என்றால் தாள்தான். அதில் எத்தனையாவது மாதம் என்று யாரும் படிப்பதில்லை. முகத்தைப் பார்ப்போம், சிலுவை போட்டுக்கொண்டு நடப்போம்.

அப்போதுதான் பின்வரிசையில் டோச்கா எழுந்தாள்.

"அது என் அசென்."

நடைபாதை வழியே முன்னால் வந்தாள். அத்தையைப் பார்க்காமல் மின்செவ்விடம் கையை நீட்டினாள். "குடுங்க டாக்டர். காத்துன்னாளே. என் மூஞ்சியப் பாத்துக் காத்துன்னாளே."

"டோச்கா, அசெனுக்காகவும்தான்டி..."

"அவர வெச்சு ஊரே சிரிக்குது. நல்லாப் பண்ண."

மூன்று தாளையும் வாங்கி, ஒவ்வொன்றாக முத்தமிட்டு, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் இன்னொருவர் வந்து தன் அண்ணனை எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு பெண் தன் அம்மாவை. யாரும் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. வரிசையில் நின்று தங்கள் ஆட்களைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் பேட்டை வந்த வழியே படியிறங்கியது. மேசையில் கேட்க நாதியில்லாத சில முகங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றை அத்தை பைக்குள் திரும்ப வைத்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்களைப் பற்றிய தீர்மானம் ஒன்று அன்று நிறைவேறியது. பாய்லரைப் பற்றியது அல்ல. மின்கம்பங்களிலும் மரங்களிலும் தாள் ஒட்டுவது நகரின் தோற்றத்தைக் கெடுப்பதாலும், இப்படிப்பட்ட வருத்தமான சம்பவங்களுக்கு இடம் கொடுப்பதாலும், இனிமேல் சந்தைத் திடலில் வைக்கப்படும் ஒரே பலகையில்தான் ஒட்ட வேண்டும் என்று மின்செவ் முன்மொழிந்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு வாரத்துக்குள் நகராட்சி ஆட்கள் வந்து கம்பங்களை இரும்புத் தூரிகையால் தேய்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு தெரு அத்தையோடு பேசவில்லை. மிளகாய் சுடும் புகைக்கு நடுவே அவள் ரொட்டி வாங்கப் போவாள். வேலிகளுக்குப் பின்னால் பேச்சு நிற்கும். அத்தை மகனுக்கு இதைச் சொல்லவில்லை. வியாழக்கிழமைகளில் நீலக் கோட்டு அலமாரியிலேயே கிடந்தது.

மாமா ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "மிஞ்சினவங்களக் கொண்டுபோய்த் திருப்பி ஒட்டிடு. வீட்டுல வெச்சுக்காத."

"எங்க ஒட்ட? கம்பத்துல கூடாதாமே."

மாமா, 'இல்லை' என்பதற்கு எங்கள் ஊரில் செய்வதுபோல, தலையை மேலே தூக்கினார். வேறு என்னவோ சொல்ல வந்தார், இருமல் வந்துவிட்டது. அத்தை அந்தத் தாள்களைத் தலையணைக்கு உறை மாட்டுவதுபோல ஒரு வெள்ளைத் துணிப்பையில் போட்டுக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தாள்.

நைடென் மாமா ஜனவரியில் ஒரு காலைப் பொழுதில் போனார். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கீழே மெஷின் நின்ற சத்தம் கேட்டது. இறங்கிப் போனபோது அத்தை அவருடைய கண்ணை மூடிவிட்டு ஜன்னலருகே நின்றிருந்தாள். உயிர் போன வீட்டில் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போகிறவர் வழி தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார். டேப் பல அடுக்காக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். பிறகு மில்லிலிருந்து கேட்டு வாங்கிவந்த கத்திரிக்கோலை எடுத்துக் குத்திக் கிழித்தாள். நான் உதவிக்குப் போனேன், தள்ளிவிட்டாள்.

ஜன்னல் திறந்தது. உருகிய பிளாஸ்டிக்கின் தித்திப்பு நாற்றம் உள்ளே வந்தது. வெளித்திண்டில் பனி சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"திறந்துட்டேன்" என்றாள். "போ."

அவரது தாளை நான் அச்சடித்துக்கொண்டு வந்தேன். அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை அத்தை நீலக் கோட்டின்மேல் கறுப்புத் தலைத்துணி கட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். மின்செவ் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். உண்மையாகவே சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஒரே ஒரு கேள்வி டாக்டர். அவரு வேலை பாத்த இடம் அந்தப் பாய்லர். அந்த கேட்டுல அவரு தாள ஒட்டிக்கலாமா?"

"அது தனியார் இடம் அக்கா. அதுவுமில்லாம இப்ப தீர்மானம் இருக்கே. சந்தைத் திடல்ல பலகை நல்லா வெச்சிருக்கோம். மேல கூரைகூடப் போட்டாச்சு. ஒரு சொட்டு மழை படாது."

"மழை படாதா?"

"படவே படாது."

"அப்புறம் அவர யாரு எடுத்துப்பாங்க?"

மின்செவ்வுக்குக் கேள்வி புரியவில்லை. "நகராட்சி ஆளு மாசாமாசம் கிழிச்சு சுத்தம் பண்ணிடுவான் அக்கா" என்றார், ஆறுதல்போல.

அத்தை நன்றி சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் காலை மாவுப் பசை காய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பாய்லர் கேட்டுக்குப் போய், எல்லார் கண்ணெதிரிலும் மாமாவை ஒட்டினாள். மேனேஜர் வெளியே வந்து, அதைக் கிழித்துப் போடும்படி வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன், டோச்காவின் மருமகன், இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"என் கையால ஆகாது சார். வேணும்னா நீங்களே கிழிங்க. நான் பாக்காம திரும்பிக்கறேன்."

மேனேஜரும் எங்கள் வழக்கத்தில் வளர்ந்த ஆள்தான். தாளைத் தொடாமல் உள்ளே போய்விட்டார். லாரிகள் தார்ப்பாயோடு வந்தன. ஓட்டுநர்கள் மாமாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, உள்ளே போய்ப் பொதியை இறக்கினார்கள்.

நாற்பதாம் நாள், கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவிக் கிண்ணங்களில் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனோம். தெருவிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம்தான். டோச்கா வரவில்லை. திரும்பும் வழியில் அத்தை இரண்டாவது தாளோடு கேட்டுக்குப் போனாள். அந்தக் குளிரில் மழையே பெய்யவில்லை, காற்றும் இல்லை. முதல் தாள் கிழியாமல் அப்படியேதான் இருந்தது. ஆனால் புகைக் கரி படிந்து படிந்து முகம் முழுவதும் கறுப்பு. பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் தெரிந்தன.

கரியைத் துடைக்கத் தலைத்துணி முனையை எடுத்து ஒரு கணம் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு விட்டுவிட்டாள். பக்கத்தில் பசை தடவிப் புதுத் தாளை ஒட்டி, உள்ளங்கையால் நீவினாள். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றான். அவனிடம் ஒரு கிண்ணம் கோதுமையைக் கொடுத்தாள்.

"ரெண்டும் ஒரே ஆளுதான் தம்பி" என்றாள். "யாராச்சும் கேட்டா சொல்லிடு. ரெண்டா எண்ணிடப் போறாங்க."